பின்னோக்கிப் போகும் கப்பல்

கப்பல் இன்னும் கட்டி முடியவில்லை.
எங்கள் அறைக்கு எண் மட்டும் வந்துவிட்டது:
ஒன்பதாம் தளம், இடப்புறம், 9214.
சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலைக்கும்
தேநீர்க் கோப்பைகள் வைத்தேன்.
ஃபோக்கோ கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து
முதலில் கேட்டான்:
"பாலை எங்கே வைப்பார்கள்?"

முப்பத்தொரு வருடமாக
காலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும்
தொழுவத்தில் நிற்பவன்.
அவன் போய்வந்த மிகத் தொலைவான ஊர்
ஒரு டிராக்டர் சந்தை.

கையேட்டில் பாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
பதினேழு உணவகங்கள் இருந்தன.
கப்பலை விட்டு வெளியே நீண்டு
கடலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி
மறுபடி கப்பலுக்குள்ளேயே விழுகிற
ஊதாநிறச் சறுக்குக் குழாய் இருந்தது.
பனிச்சறுக்குத் தளமும் உண்டாம்.
"ஜனவரியில் நம் வாய்க்காலில் வந்து சறுக்கச் சொல்,
காசு வேண்டாம்" என்றான்.

எனக்குப் பிடித்தது பக்கம் இருபத்தி மூன்று:
நூலகம்.
ஒரு நாற்காலி, ஒரு வட்ட ஜன்னல்,
ஆள் இல்லை.
அந்த ஆளில்லாமைக்குத்தான்
பணம் கட்டினேன் என்று
அவனிடம் சொல்லவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
கட்டில்கள் சேர்த்தா, பிரித்தா?
பேனாவை நீட்டினேன்.
வெகுநேரம் யோசித்தான்.
"சேர்த்து" என்று எழுதிவிட்டு
அந்த நேரத்தில் வேலையே இல்லாத தொழுவத்துக்குப்
போய்விட்டான்.

இன்னொரு இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது
விளக்கடியில் அவன்.
விரல் 9214-இல் புறப்பட்டு
மின்தூக்கியில் ஏறி
நீச்சல் குளத்தில் இறங்கி
மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது.
நீந்தத் தெரியாது அவனுக்கு.

செப்டம்பரில் அணையை மூடினார்கள்.
எம்ஸ் ஆறு கரையின் விளிம்புவரை வந்து
ததும்பி நின்றது.
லேர் பக்கமிருந்து கார்கள்,
மடக்கு நாற்காலிகள், வறுத்த சாசேஜ் வாசனை.
மூன்று மணிக்கு மாடுகள் எல்லாம்
ஒரே திசையைப் பார்த்து எழுந்து நின்றன.

வந்தது.
பின்புறம் முன்னாக, இரண்டு இழுவைப் படகுகளோடு,
நடந்தால் நாம் முந்திவிடலாம் போல
அவ்வளவு நிதானமாக.
எங்கள் கூரைக்கும் மேலே, தேவாலயக் கோபுரத்துக்கும் மேலே
ஒரு தெரு முழுக்க விளக்கெரிந்து
புல்வெளிக்கு நடுவே நகர்ந்தது.
குளங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையாம்.
ஆற்று மணலுக்கும் அதன் வயிற்றுக்கும்
ஒரு கையளவுதான் இடைவெளி.

நேராகப் போயிருந்தால்
எங்கள் அறை எதிர்க்கரையைப் பார்த்திருக்கும்.
பின்னோக்கிப் போனதால்
இடப்புறம் எங்கள் பக்கம் திரும்பியது.
கீழிருந்து தளம் தளமாக எண்ணினோம்.
இருமுறை தப்பியது.
மூன்றாம் முறை ஒரே அறையில் முடிந்தது
அவன் விரலும் என் விரலும்.

விளக்கு எரிந்தது.
பால்கனிக் கம்பியில் சுருட்டிய தரைவிரிப்பு.
அதன்மேல் சாய்ந்து ஒருவன்
ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நம் வீட்டில் யாரோ சாப்பிடுகிறார்கள்"
என்றான் ஃபோக்கோ.
டார்ச்சை மூன்று முறை அடித்தான்.
அங்கே அந்த மனிதன் மெல்வதை நிறுத்தினான்.
உள்ளே போனான்.
எங்கள் அறை விளக்கு
அணைந்து எரிந்தது,
அணைந்து எரிந்தது,
மூன்றாவதற்குள் வளைவு வந்துவிட்டது.

கையேட்டில் தரைவிரிப்பு நீலம்.
நான் பார்த்தது சாம்பல்.
புகார் எழுதலாமா என்று கேட்டேன்.
பதில் இல்லை.
விருந்து முடிந்து
வாசல்வரை பின்பக்கமாகவே நடக்கும் மரியாதைக்காரனைப் போல
முகத்தை எங்கள்மேல் வைத்தபடியே
கப்பல் போய்க்கொண்டிருந்தது.
அதன் பெயரை இன்னும் துணி மூடியிருந்தது.

தொழுவத்தில் ஒரு மாடு கத்தியது.
மணி ஐந்தே கால்.